சாதாரண இரவுகளுக்கான விளக்கு

ஸ்பிளிட் ராக் கலங்கரை விளக்கத்தைப் பற்றி எதைப் புரட்டினாலும் தொடக்கம் ஒன்றுபோலவே இருக்கும். 1905 நவம்பர் 28 அன்று சுப்பீரியர் ஏரியில் கடும்புயல் அடித்தது, ஏறத்தாழ 30 கப்பல்கள் சேதமடைந்தன, அதனால் அமெரிக்க அரசு இந்த விளக்கத்தைக் கட்டியது. மூன்றே வாக்கியத்தில் கதை முடிந்துவிடும். பக்கத்தில் செங்குத்துப் பாறையின் உச்சியில் வெளிர்மஞ்சள் செங்கல் கோபுரம் நிற்கும் படம் ஒன்று இருக்கும். அந்த இடத்தின் மேல் எனக்குப் பெரிய மதிப்பு உண்டு. அதனாலேயே அந்த ‘அதனால்’ என்ற சொல்லை அப்படியே விட்டுவிட மனம் வரவில்லை. புயல் இதற்குப் பணம் வாங்கித் தந்தது, அதை மறுக்க முடியாது. ஆனால் இந்த விளக்கு தன் வேலையைச் செய்தது புயல்களில் இல்லை; யாரும் எழுதிவைக்காத, ஒன்றுமே நடக்காத ஆயிரக்கணக்கான இரவுகளில்தான். இதைப் புரிந்துகொண்டு போகிறவருக்கு அங்கே பார்க்க வேண்டியவை மாறிவிடும் என்பதுதான் நான் சொல்லவருவது.

முதலில் இடம். ஏரி என்றதும் நமக்கு மதகும் கரையும் ஆயக்கட்டும் நினைவுக்கு வரும். சுப்பீரியரை அப்படி நினைத்துப் பார்க்க முடியாது. பரப்பு ஏறத்தாழ 82,000 சதுர கிலோமீட்டர். இலங்கைத் தீவு முழுவதையும் உள்ளே வைத்தாலும் சுற்றிலும் தண்ணீர் மிஞ்சும். மிக ஆழமான இடத்தில் 406 மீட்டர். உப்பு இல்லை என்பதைத் தவிர, கப்பலோட்டுகிறவருக்கு அது கடல்தான். அதன் மேற்கு முனை புனலைப்போலக் குறுகிக் குறுகி மினசோட்டா மாநிலத்தின் டுலூத் துறைமுகத்தில் முடிகிறது. டுலூத்திலிருந்து வடகரையை ஒட்டியே வடகிழக்காக 75 கிலோமீட்டர் போனால் தண்ணீரிலிருந்து நேராக எழும் 40 மீட்டர் பாறை வரும். அதன்மேல் எட்டுப்பட்டை வடிவில், 54 அடி மட்டுமே உயரமுள்ள கோபுரம். பாறையே முக்கால் உயரத்தைக் கொடுத்துவிட்டதால் கோபுரம் நெடிதுயர வேண்டிய தேவை இருக்கவில்லை.

இந்தப் பக்கம் கப்பல்கள் ஏன் வந்தன? இரும்புத் தாது. வடகரை நிலம் ஓஜிப்வே மக்களுடையது. 1854-ல் லா பாயின்ட் உடன்படிக்கையின் வழியாக அமெரிக்க அரசு அதை எடுத்துக்கொண்டது. 1884-ல் டூ ஹார்பர்ஸ் துறையிலிருந்து தாது ஏற்றுமதி தொடங்கியது. 1892-ல் மெசாபி மலைத்தொடரின் தாதுவும் வெளியே போக ஆரம்பித்தது. 1901-ல் யு.எஸ். ஸ்டீல் உருவானபோது அதன் கப்பல் நிறுவனமான பிட்ஸ்பர்க் ஸ்டீம்ஷிப், சுப்பீரியர் உள்ளிட்ட பேரேரிகளிலேயே பெரிய தாதுக் கப்பற்படையை வைத்திருந்தது. ஏப்ரலில் பனிக்கட்டி விலகியதிலிருந்து டிசம்பரில் மறுபடி உறையும் வரை கப்பல்கள் ஓய்வின்றிப் போய்வந்தன. இலையுதிர் காலத்தில் வடக்கிலிருந்தும் வடமேற்கிலிருந்தும் காற்று வீசும்போது வடகரையை ஒட்டிப் போனால் கொஞ்சம் மறைவு கிடைக்கும். மாலுமிகள் அந்த மறைவைத் தேடிக் கரைக்கு அருகே வந்தார்கள். காற்று வடகிழக்காகத் திரும்பிவிட்டால் அதே மறைவிடம் பொறியாகிவிடும். ஏரியின் முழு நீளத்துக்கும் அலைகள் ஓடிவந்து அந்தக் குறுகிய புனலுக்குள் மோதும்.

1905-ல் நடந்தது அதுதான். அந்தப் புயலுக்கு ‘மட்டாஃபா புயல்’ என்று பெயர். எல்லோரும் சொல்லும் கதைக்கு எதிராக என்னிடம் இருக்கும் முதல் சான்று இந்தப் பெயரே. மட்டாஃபா என்ற தாதுக் கப்பல் டுலூத்திலிருந்து புறப்பட்டு, புயலில் சிக்கி, திரும்பிவந்தது. இழுத்துவந்த ஜேம்ஸ் நாஸ்மித் என்ற பார்ஜை வெளியே நங்கூரத்தில் விட்டுவிட்டு, துறைமுகக் கால்வாய்க்குள் நுழையப் பார்த்தது. அலை அதைத் தூக்கிக் கற்சுவரில் அடித்து, திருப்பி, கரைக்கு மிக அருகே தரைதட்ட வைத்தது. கப்பல் உடைந்தது. பின்பகுதியில் மாட்டிக்கொண்ட ஒன்பது பேர் குளிரில் விறைத்து இறந்தார்கள். ஊரே கரையில் நெருப்பு மூட்டிக்கொண்டு பார்த்து நின்றது, ஆயிரக்கணக்கானவர்கள். மோதியது பிற்பகல் நேரம். இருட்டு இல்லை, வழி தெரியாமல் இல்லை, துறைமுகம் எங்கே என்ற சந்தேகம் இல்லை. மாலுமிக்கு எல்லாம் கண்ணுக்கு முன்னால் தெரிந்தது. அவரால் கப்பலைத் திருப்ப முடியவில்லை, அவ்வளவுதான். புயலுக்கே பெயர் கொடுத்த கப்பலை உலகத்தின் எந்த விளக்கும் காப்பாற்றியிருக்காது.

இங்கே ஒருவர் நியாயமாகக் கேட்கலாம்: மட்டாஃபா டுலூத்தில் உடைந்தது சரி, மெடீராவை என்ன சொல்வது? அந்தக் கப்பல் இந்தப் பாறைக்குச் சற்று வடக்கே, கோல்ட் ராக் என்ற முனையில், விடிவதற்கு முந்தைய இருட்டில் மோதியது. கேள்வி வலுவானது. மெடீரா 133 மீட்டர் நீள எஃகுப் பார்ஜ். அதற்குச் சொந்த இயந்திரம் கிடையாது. வில்லியம் எடன்போர்ன் என்ற நீராவிக் கப்பல் அதை இழுத்துவந்தது. இரண்டும் பிரிந்தபின் மெடீராவின் ஆட்களுக்கு விளக்கு தெரிந்திருந்தாலும் திருப்புவதற்கு அவர்கள் கையில் விசை எதுவும் இல்லை. ஃபிரெட் பென்சன் என்ற மாலுமி கயிற்றோடு பாறைக்குத் தாவி ஏறி, மேலிருந்து கயிறு விட்டதால் பத்துப் பேரில் ஒன்பது பேர் பிழைத்தார்கள். எட்னா ஜி. என்ற இழுவைப் படகு பின்னர் வந்து அவர்களை மீட்டது. எடன்போர்ன் விஷயம் வேறு. அதற்கு இயந்திரம் இருந்தது, ஆனால் தான் எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் ஸ்பிளிட் ராக் ஆற்று முகத்தில் கரையேறியது. அதற்கு ஒரு சைகை உதவியிருக்கலாம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது ஒளியாக இருந்திருக்காது. அன்று அடித்தது பனிப்புயல். கொட்டும் பனியில் எத்தனை பலமான ஒளியும் சில நூறு அடிக்குள் வெள்ளைத் திரையாகிவிடும். உதவக்கூடியது ஒலி மட்டுமே, அதுவும் காற்றின் இரைச்சலை மீறிக் கேட்டால்.

ஸ்பிளிட் ராக்கில் ஒலிக்கும் ஏற்பாடு இருந்தது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. கோபுரத்துக்குப் பக்கத்திலேயே இருக்கும் செங்கல் கட்டடம் மூடுபனிச் சங்குக்கானது. ஆலைச் சங்கைப் போன்றதுதான். பெட்ரோல் இயந்திரங்கள் காற்றை அழுத்திக் கொடுக்க, கூரையிலிருந்து ஏரியை நோக்கி இரண்டு சங்குகள் ஊதும். ஏறத்தாழ எட்டு கிலோமீட்டர் தூரம் கேட்கும். ஒளிக்கு அதிகாரபூர்வமாகச் சொல்லப்பட்ட தூரம் 22 மைல். எண்களை வைத்துப் பார்த்தால் சங்கு ஏழைத் தம்பி மாதிரித் தெரியும். ஆனால் மூடுபனியிலும் பனிப்பொழிவிலும் விளக்கின் 22 மைல் சுருங்கிச் சுழியமாகும்போது இந்த எட்டு கிலோமீட்டர்தான் கைகொடுக்கும். இன்னொரு விவரமும் என் பக்கம் நிற்கிறது. சங்கை 1961-ல் நிறுத்தினார்கள், விளக்கை 1969-ல்தான் அணைத்தார்கள். பார்வை மறைந்த நேரத்துக்கு ரேடார் வந்ததும் சங்குக்கு வேலை போய்விட்டது. தெளிந்த இரவுகளுக்கான விளக்கு இன்னும் எட்டு ஆண்டுகள் எரிந்தது.

அப்படியானால் தெளிந்த இரவில் இந்த விளக்குக்கு என்ன வேலை? இதுதான் மூன்று வரிக் கதையில் விடுபட்டுப்போகும் பகுதி. வடகரையில் இரும்பு கலந்த பாறைகள் உண்டு. அவை திசைகாட்டியின் முள்ளை இழுத்துக் கோணலாக்கும். முள்ளை நம்பாத மாலுமி ஈயக்குண்டைக் கயிற்றில் கட்டி ஆழம் பார்ப்பார். ஆழம் குறைந்துகொண்டே வந்தால் கரை நெருங்குகிறது என்று பொருள். இங்கே அதுவும் பயன்படாது. பாறை தண்ணீருக்கு வெளியே செங்குத்தாக நிற்பது போலவே தண்ணீருக்கு அடியிலும் செங்குத்தாக இறங்குவதால், மோதுவதற்குக் கொஞ்சம் முன்புவரை குண்டு ஆழத்தையே காட்டிக்கொண்டிருக்கும். திசைகாட்டியும் ஈயக்குண்டும் ஒருசேரக் கைவிடும் இடத்தில் மாலுமிக்கு எஞ்சியது கண் ஒன்றுதான். அந்தக் கண்ணுக்காகக் கட்டியதுதான் இது. தமிழில் கலங்கரை என்பதைக் கலத்தைக் கரைவது, அதாவது அழைப்பது என்று பிரிப்பார்கள். காக்கை கரைவதில் இருக்கும் அதே கரைதல். அழகான சொல். ஆனால் ஸ்பிளிட் ராக் யாரையும் அழைக்கவில்லை. அங்கே துறைமுகமே கிடையாது. நான் இங்கே இருக்கிறேன், இதை வைத்து நீ எங்கே இருக்கிறாய் என்று கணக்குப் போட்டுக்கொண்டு விலகிப் போ என்று ஒவ்வொரு கப்பலுக்கும் சொன்னது.

அதைச் சொன்ன விதத்தைத்தான் நின்று பார்க்க வேண்டும். பாரிஸின் பார்பியே, பெனார், துரென் நிறுவனம் செய்த ஃபிரெனெல் லென்ஸ் அது. இரண்டு பெரிய கண்ணாடிச் சிப்பிகளை முதுகோடு முதுகு சேர்த்துவைத்த வடிவம். பட்டகங்கள் வட்டம் வட்டமாக அடுக்கப்பட்டு, எல்லாப் பக்கமும் சிதறும் வெளிச்சத்தைப் பிடித்து இரண்டே கற்றைகளாக வெளியே தள்ளும். அந்தப் பெரும் எடையை உராய்வின்றிச் சுற்றவைக்கப் பாதரசத் தொட்டியில் மிதக்கவிட்டார்கள். விரலால் தள்ளினாலே நகரும். ஒரு சுற்றுக்கு 20 வினாடி, ஆகவே ஏரியிலிருந்து பார்ப்பவருக்குப் பத்து வினாடிக்கு ஒரு வெட்டு. பத்து என்பதற்குப் பொருள் உண்டு. ஒவ்வொரு விளக்கத்துக்கும் தனித் தாளம். கையில் கடிகாரம் வைத்திருக்கும் மாலுமி எண்ணிப் பார்த்து, இது ஸ்பிளிட் ராக், வேறொன்று இல்லை என்று தீர்மானிப்பார். தாளம் ஒரு வினாடி பிசகினால் விளக்கு பொய் சொல்கிறது என்றாகிவிடும். எனவே ஒளி பலமாக இருந்தால் மட்டும் போதாது. சுற்று சீராக இருக்க வேண்டும்.

அந்தச் சீரைக் காத்தது மனித உழைப்பு. லென்ஸைச் சுற்றியது கடிகார இயந்திரம்; கோபுரத்தின் நடுவே தொங்கும் எடைகள் மெல்ல இறங்கி அதை ஓட்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கைப்பிடியைச் சுற்றி எடைகளை மறுபடி மேலே ஏற்ற வேண்டும். 1940-ல் 1,000 வாட் மின்விளக்கு வரும்வரை எரிந்தது மண்ணெண்ணெய் ஆவி விளக்கு. பெட்ரோமாக்ஸ் விளக்கை அறிந்தவர்களுக்கு அதன் தத்துவம் புரியும். காற்றழுத்தம் கொடுக்க வேண்டும், மேண்டிலைக் கவனிக்க வேண்டும், கரி படியாமல் பார்க்க வேண்டும். பகலில் லென்ஸைத் துடைத்து, சூரியக் கதிர் அதன் வழியாகக் குவிந்து தீப்பிடிக்காதபடி திரை போட வேண்டும். தலைமைக் காவலர் ஒருவர், உதவியாளர் இருவர், மூன்று செங்கல் வீடுகள். முதல் தலைமைக் காவலர் ஓரன் யங் 1910 முதல் 1928 வரை அங்கே இருந்தார். அவருக்கு அடுத்து வந்த ஃபிராங்க்ளின் கோவல் 1944 வரை. இரண்டு மனிதர்கள், 34 ஆண்டுகள். புயல்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். கைப்பிடி சுற்றிய இரவுகளை எண்ண முடியாது.

கட்டியதும் இப்படிப்பட்ட உழைப்புத்தான். 1907-ல் அமெரிக்க காங்கிரஸ் 75,000 டாலர் ஒதுக்கியது. அந்தப் பணத்துக்காக அழுத்தம் கொடுத்ததில் கப்பல்களை இழந்த எஃகு நிறுவனத்துக்குப் பெரிய பங்கு உண்டு. ரால்ஃப் ரசல் டிங்கம் என்ற பொறியாளர் வடிவமைத்தார். அந்தப் பக்கம் சாலையே இல்லாத காலம். செங்கல், சிமென்ட், எஃகு, லென்ஸ் எல்லாம் ஏரி வழியாகப் படகில் வந்து, பாறை உச்சியில் நிறுவிய நீராவிப் பாரந்தூக்கியால் மேலே ஏற்றப்பட்டன. 1910 ஜூலை 31 அன்று விளக்கு எரிந்தது. மூன்றே ஆண்டில், 1913 நவம்பரில், பேரேரிகளின் வரலாற்றிலேயே மிகக் கொடிய புயல் வந்து 250-க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. பெரும்பாலானவர்கள் ஹூரான் ஏரியில் இறந்தாலும் சுப்பீரியரிலும் கப்பல்கள் ஆட்களோடு காணாமல் போயின. ஐந்து ஏரிகளிலும் அப்போது விளக்கங்கள் எரிந்துகொண்டுதான் இருந்தன. விளக்குகளின் குற்றம் என்று இதைச் சொல்லவில்லை. எதைச் செய்ய அவை பிறக்கவில்லையோ அதற்கு அவற்றைக் கொண்டாடினால், செய்த வேலை மறைந்துபோகிறது.

என் வாதத்துக்கு மிகக் கடினமான எதிர்ப்பு 1975-லிருந்து வருகிறது. நவம்பர் 9 அன்று எட்மண்ட் ஃபிட்ஸ்ஜெரால்ட் என்ற கப்பல் தாதுக் குண்டுகளை ஏற்றிக்கொண்டு டுலூத்துக்கு எதிரிலுள்ள சுப்பீரியர் நகரிலிருந்து புறப்பட்டது. புயல் எச்சரிக்கையால் மறைவு தேடி வடக்கு வழியைப் பிடித்தது. மறுநாள் மாலை, ஏரியின் மறுமுனையில், வைட்ஃபிஷ் விரிகுடாவுக்குள் ஒதுங்க முயன்றபோது 29 பேரோடு மூழ்கியது. ரேடார் பழுதாகியிருந்த அந்தக் கப்பலின் கேப்டன், வைட்ஃபிஷ் முனையின் சைகை கிடைக்கிறதா என்று வானொலியில் கேட்டார். அங்கே மின்தடையால் விளக்கும் ரேடியோ சைகையும் செயலிழந்திருந்தன. புயலின் நடுவில் ஒரு கேப்டன் விளக்கைத்தானே தேடினார், இதைவிட வேறு என்ன சான்று வேண்டும் என்று கேட்கலாம். இந்தக் கேள்வியைத் தள்ளிவிட முடியாது. ஆனால் அவர் எதைக் கேட்டார் என்று பாருங்கள். நான் எங்கே இருக்கிறேன் என்பதைத்தான். ஸ்பிளிட் ராக் 59 ஆண்டுகள் பத்து வினாடிக்கு ஒருமுறை சொன்ன அதே தகவலை. புயலில் அந்தத் தகவல் உயிருக்குச் சமமாகலாம். கப்பலைப் புயலிலிருந்து வெளியே எடுக்கும் ஆற்றல் அதற்கு இல்லை. தகவல் கிடைத்திருந்தால் ஃபிட்ஸ்ஜெரால்ட் பிழைத்திருக்குமா என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. கப்பல் ஏன் மூழ்கியது என்பதிலேயே இன்றுவரை ஒருமித்த கருத்து இல்லை.

ஆண்டுதோறும் நவம்பர் 10 மாலை ஸ்பிளிட் ராக்கில் அந்த 29 பெயர்களையும் வாசித்து, பெயருக்கு ஒருமுறை மணியடித்து, பேரேரிகளில் மாண்ட மற்ற எல்லோருக்குமாக இன்னொரு முறை அடித்து, பிறகு விளக்கை ஏற்றுகிறார்கள். ஃபிட்ஸ்ஜெரால்ட் மூழ்கியபோது ஸ்பிளிட் ராக் அணைந்து ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன. மூழ்கிய இடமும் வெகு தொலைவில். வரலாற்றுத் தொடர்பு இல்லாத சடங்கு என்று இதைக் குறை சொல்வோர் இருக்கலாம். நான் அப்படி நினைக்கவில்லை. இறந்தவர்கள் தாது ஏற்றிச்சென்ற கப்பலின் தொழிலாளர்கள். இந்த விளக்கு யாருக்காகக் கட்டப்பட்டதோ அதே வரிசையில் பிறகு வந்தவர்கள். இந்தக் கரையைத் தாண்டித்தான் அவர்கள் கடைசியாகப் போனார்கள். அந்த மாலையில் பெயர் பெயராக வாசிப்பதே எனக்கு மிகவும் பொருத்தமாகப் படுகிறது. பொதுவாக இவர்களுடைய வேலை நாள்களை யாரும் பெயர் சொல்லி நினைப்பதில்லை.

சரி, போகிறவர்கள் என்ன செய்யலாம்? 1924-ல் ஏரிக்கரை நெடுஞ்சாலை திறந்ததும் இந்த இடத்துக்குக் கூட்டம் வரத் தொடங்கி, இன்றுவரை நின்றபாடில்லை. மினசோட்டா வரலாற்றுக் கழகம் 1976 முதல் இதை நடத்துகிறது; 1920-களின் தோற்றத்துக்கு மீட்டமைத்திருக்கிறார்கள். 2011-ல் தேசிய வரலாற்றுச் சின்னமானது. லென்ஸ் பாரிஸிலிருந்து வந்த அதே லென்ஸ், அதே இடத்தில். பலர் மேற்கே உள்ள கூழாங்கல் கரைக்குப் போய், 1995 அஞ்சல்தலை முதல் நாட்காட்டிகள் வரை எல்லாவற்றிலும் வந்த காட்சியைப் படமெடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். அந்தக் காட்சிக்கு ஈடில்லை என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அது ஏரியிலிருந்து பகலில் தெரியும் விளக்கம். கரையோரப் படகுத்துறைக்கு இறங்கும் நீண்ட படிக்கட்டில் தொடங்குவது நல்லது. சரக்கு ஏற்றிய தண்டவாளப் பாதையின் கான்கிரீட் தூண்கள் அங்கே இன்னும் நிற்கின்றன. ஒவ்வொரு கலன் மண்ணெண்ணெயும் எந்த உயரம் ஏறியது என்பது முழங்காலுக்கே தெரியும். மேலே வந்ததும் தீக்குப் பயந்து தள்ளிவைத்துக் கட்டிய எண்ணெய்க் கிடங்கு, பிறகு சங்குக் கட்டடம், பிறகு காவலர் வீட்டின் அடுப்படி. அங்கே காவலர் உடையில் நிற்கும் பணியாளர்களிடம் இரவு முறை எப்படிப் பிரிக்கப்பட்டது என்று கேளுங்கள், உற்சாகமாகச் சொல்வார்கள். கோபுரத்தைக் கடைசியாக ஏறுங்கள். மேலே கடிகார இயந்திரத்தின் கைப்பிடிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, லென்ஸ் ஒரு முழுச் சுற்று முடிக்கும்வரை எண்ணுங்கள். இருபது வரும்.